வீட்டுக்கு வராத அப்பாவோடு மிருகக்காட்சிசாலைக்கு

1

ஊரிலிருந்து யார் கொழும்புக்கு வந்தாலும், அவர்களை அழைத்துக்கொண்டு போய் ஊர் காட்டுகிற வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிடுகிறது. போன மாதம் என் சித்தி மகள் ஸ்தெல்லா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். கறுவாத்தோட்டத்தில் இருக்கிற மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கூடத்தில் ராஜாவின் சிம்மாசனம் இருக்கிறது, எங்கே திமிங்கிலத்தின் எலும்பு தொங்குகிறது, எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று வரும், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். வாசலில் இருந்த காவலாளி வேறு என்னைப் பார்த்துச் சிரித்து, "அப்பா சுகமா?" என்று சிங்களத்தில் விசாரித்தார்.

ஸ்தெல்லா நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏளா பிலோமி, உண்மையச் சொல்லு. நீ இங்கன வேலை பாக்கியா?"

"இல்லளா. எங்க அப்பா எங்க வீட்டுக்கு வரமாட்டேன்னு சொன்னதால வந்த பழக்கம் இது."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுக்கச் சொல்வதற்குள் அவள் கப்பல் ஏறிவிட்டாள். அவளுக்குச் சொல்ல விட்டுப்போனதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் அப்பாவைத் தெருவில் கண்டால் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2

என் அப்பா லாசர், தோணித் தண்டேல். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் மிளகாய் வற்றலும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்கு வருகிற தோணிகளில் ஒன்றுக்கு அவர்தான் தலைவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கொழும்புக்கு வந்துபோய்க்கொண்டிருப்பவர். "கொழும்பு எனக்குக் கொல்லைப்புறம்" என்று ஊரில் சொல்லுவார். அவர் பார்த்த கொழும்பு என்பது துறைமுகம், பண்டகசாலைகள், ஜிந்துப்பிட்டியில் நம் ஊர் அண்ணாச்சி ஒருவரின் பலசரக்குக் கடை, கொச்சிக்கடைக் கோவில் இவ்வளவுதான் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் யுத்தத்துக்கு முன்பு அத்தையோடு இங்கே வந்தேன். ஒரு கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் பாடற்குழுவில் பாடுவேன். அங்கேதான் விக்டரைப் பார்த்தேன். ரயில்வேயில் கார்டு. நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர். அவருக்கு அப்போது தெரிந்த தமிழ் எல்லாம் "நல்லது", "கொஞ்சம்", "நாளைக்கு" என்ற மூன்று சொற்கள். அந்த மூன்றை வைத்துக்கொண்டே என்னிடம் கல்யாணம் பேசிவிட்டார்.

கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது ஒரு கூத்து நடந்தது. நானும் பர்னாந்து, அவரும் பர்னாந்து. கந்தோரில் இருந்த குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்கள் இரண்டு பேரும் உறவா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "ஊர்?" சொன்னோம். "பாஷை?" சொன்னோம். அவர் உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அவர் மூன்றாவது ஆளை அழைத்து வந்தார். மூன்று பேரும் கூடிப் பேசி, போர்த்துக்கீசப் பாதிரிமார் இரண்டு கரையிலும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போனதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பாஷை தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு யாரிடம் நான் பேசுவது என்பது அவர் கேள்வி. "அவன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று ஊரில் மாதா கோவில் முன்னால் நின்று சத்தியம் செய்தார். செய்ததைக் காப்பாற்றவும் செய்தார். மாதம் தவறாமல் கொழும்புக்கு வருகிற மனிதர், லில்லி பிறந்தபோதும் வரவில்லை. பெனடிக்ட் பிறந்தபோதும் வரவில்லை. அண்ணாச்சி கடையில் அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் போய் எடுத்துக்கொள்வேன். பிறகு யுத்தம் வந்து எல்லாப் போக்குவரத்தையும் குலைத்துப் போட்டது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் சொன்னதை அப்படியே அண்ணாச்சி என்னிடம் ஒப்பித்தார்.

"'நீரு வாசலத்தான மிதிக்க மாட்டேன்னீரு? ஊருல வேற எடமா இல்ல? பேரப்புள்ளைகள வெளிய வச்சிப் பாரும்'னு ஒங்க அம்மா சொல்லியிருக்காவ. தண்டேலும் சரின்னுட்டாரு. எங்கன பாக்கலாம்னு கேக்காரு."

"உங்க கடையில பாக்கட்டுமே, அண்ணாச்சி?"

"இங்கன மிளகாய் நெடி. புள்ளைக தும்மிச் சாவும். மியூசியத்துக்குப் போங்க. நெழல் உண்டு, உக்கார எடம் உண்டு, எந்திரின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

அப்படித்தான், கொழும்புக்கு வந்து இத்தனை வருஷம் கழித்து, நானும் முதன்முதலாக மியூசியத்துக்குப் போனேன்.

3

அப்பா வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு என்று மியூசியப் படிக்கட்டில் நின்றிருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து ஒரு தரம் உதறித் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மெலிஞ்சிட்டியே" என்றார். நான் மெலியவில்லை. என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

லில்லிக்கு அப்போது ஏழு வயசு, பெனடிக்டுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன்: தாத்தா என்று கூப்பிட வேண்டும், ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும் என்று. லில்லி எல்லாம் சரியாகச் செய்தாள். பெனடிக்டுக்குப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோய்விட்டது. தெருவில் மற்றப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவைச் சிங்களத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ, அதே மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "சீயா!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"என்னளா இது? மொத மொதப் பாக்கான், என்னையப் பாத்து சீங்கான்?"

"அப்பா, சீயான்னா இங்கத்திப் பாஷையில தாத்தான்னு அர்த்தம்."

"தாத்தாவுக்கு இவங்களுக்கு வேற சொல்லு கெடைக்கலியா?"

அதற்குள் பெனடிக்ட் அவர் காலைக் கட்டிக்கொண்டு விட்டான். அப்பா குனிந்து அவன் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு சீயாவைப் பற்றிப் பேச்சில்லை. லில்லியும் சீயா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

உள்ளே போனோம். அப்பாவிடம் ஒரு குணம் உண்டு. தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. பேய் முகமூடிகளைப் பார்த்து, "இது பழைய ராசாக்கமாரு மொகம்" என்றார். செம்புப் பாத்திரம் ஒன்றைப் பார்த்து, "இதுலதான் அந்தக் காலத்துல கப்பலுக்குத் தண்ணி பிடிப்பாவ" என்றார். லில்லி ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். அட்டையைப் படித்துவிட்டு, "இது எச்சில் துப்புகிற படிக்கமாம், சீயா" என்றாள். "அட்டைய எழுதினவன் பாத்தானா?" என்றார் அப்பா.

கடல் சாமான்கள் வைத்திருந்த கூடத்துக்கு வந்ததும் அவர் நடை மாறிவிட்டது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் முத்துச்சிப்பிகளை வரிசையாக அடுக்கி, பெட்டிக்குப் பூட்டும் போட்டிருந்தார்கள். அப்பா தன் மூக்கு பெட்டியின் கண்ணாடியில் முட்டும் வரை குனிந்து பார்த்தார்.

"ஏளா, இது நம்ம வீட்டுப் பின்னால கெடக்குதுலா?"

கிடக்கத்தான் செய்தது. எங்கள் வீட்டுக்குப் பின்புறம் கடற்கரைக்குப் போகிற பாதை நெடுகச் சிப்பி. எப்போதோ நடந்த முத்துக்குளிப்பில் அறுத்துப் போட்ட ஓடுகள். சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் அள்ளிப் போனது போக மிச்சம். சிறுமியாக அதன் மேல் நடந்து நடந்து உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது எனக்கு. மழை பெய்தால் குடிசைக்காரர்கள் வாசலில் சகதி ஆகாமல் இருக்க அதைத்தான் கொட்டுவார்கள். இங்கே அதற்குப் பட்டுத்துணி.

"ஊர்ல உங்களுக்கு மியூசியம் இருக்கா, சீயா?" என்று லில்லி கேட்டாள்.

அப்பா பெட்டியின் பூட்டை விரலால் தட்டிக் காட்டினார். "எங்க ஊர்ல எல்லாம் வெளியவே கெடக்குளா. பூட்டி வைக்க ஆளு இல்ல."

லில்லிக்கு அது பெரிய பெருமையாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் போய், என் சீயா ஊரில் மியூசியத்துக்குக் கூரையே கிடையாது என்று சொல்லியிருக்கிறாள்.

4

அதன் பிறகு தோணி வரும்போதெல்லாம் நாங்கள் எங்காவது சந்தித்தோம். மியூசியத்திலேயே நாலைந்து தரம். காலிமுகத் திடல் ஒரு தரம். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அப்போது வேறு பெயர்; அங்கே ஒரு தரம். மழை என்றால் திரும்பவும் மியூசியம். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்கள் கூட என் பிள்ளைகள் அளவுக்கு அந்த ஊரைச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெனடிக்ட் வெகு நாள் வரை தாத்தா மியூசியத்தில்தான் குடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். "ராத்திரி சீயா சிம்மாசனத்தில படுப்பாரா?" என்று விக்டரிடம் கேட்டானாம்.

தோணிக்காரர்களுக்குத் துறைமுகக் கேட்டில் ஒரு பாஸ் கொடுப்பார்கள். இருட்டுவதற்குள் உள்ளே திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் மறுநாள் அதிகாரி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதனால் எங்கள் சந்திப்பெல்லாம் பகல் சாப்பாட்டை நடுவில் வைத்துத்தான். நான் வாழை இலையில் பொதி கட்டிக்கொண்டு வருவேன். கூப்பன் அரிசிச் சோறு, கொறுக்காய்ப்புளி போட்டு வற்றவைத்த மீன், தேங்காய்ச் சம்பல்.

அப்பா சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். "கல்யாணத்துக்குப் பெறவுதான் ஒனக்குக் கை வந்திருக்கு. ஊர்ல நீ வச்ச கொழம்ப நாய் கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

லில்லி என் முகத்தைப் பார்ப்பாள். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டுவேன். அந்தப் பொதி கட்டுகிறது விக்டர். அந்த மீனும் அவர் கைப்பக்குவம். அப்பா வருகிற நாளென்றால், டியூட்டி இல்லாவிட்டால், விடியும் முன்பே எழுந்து அம்மியில் உட்கார்ந்துவிடுவார். "உங்க அப்பாவுக்கு உறைப்புக் காணுமா?" என்று சிங்களத்தில் கேட்பதைத் தவிர வேறொன்றும் பேச மாட்டார். ஒரு தரம் நான், "எதுக்கு இவ்வளவு?" என்றதற்கு, சட்டியைக் கிளறிக்கொண்டே, "மூன்று பேர் போகிறீர்கள், நான் இந்தச் சட்டியில்தானே போக முடியும்?" என்றார்.

என் கவலை வேறொன்றாக இருந்தது. பிள்ளைகள் வளர வளர அவர்கள் தமிழில் சிங்களம் கலந்தது. சிங்களத்தில் பள்ளிக்கூட ஆங்கிலம் கலந்தது. அப்பாவோ தூத்துக்குடித் தமிழைத் தவிர வேறொன்றைப் பேச்சென்றே ஒப்புக்கொள்ளாதவர். இன்னும் நாலு வருஷம் போனால் இவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்? எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்களோ என்று நினைப்பேன். மியூசியம் மியூசியமாகச் சந்தித்துக்கொண்டே ஒரு குடும்பம் எத்தனை காலம் இருக்க முடியும்?

5

தெகிவளையில் இருக்கிற மிருகக்காட்சிசாலைக்குப் போக வேண்டும் என்று பெனடிக்ட் பிடிவாதம் பிடித்தான். கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கடலை ஒட்டியே போகிற ரயில். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, அலை அடிக்கிற விதம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

சிங்கத்தைப் பார்த்து அவர் ஏமாந்துபோனார். அது படுத்திருந்தது. "நோக்காடு பிடிச்ச மாதிரில்லா கெடக்கு" என்றார். யானை குளிப்பதை வெகு நேரம் பார்த்தார். மலைப்பாம்பு இருந்த கூண்டுக்கு முன்னால் போனதும் அப்படியே நின்றுவிட்டார். தோணி வடத்தைச் சுற்றி வைத்த மாதிரி அது சுருண்டு கிடந்தது. லில்லிக்குத் தாகம். "அப்பா, இவனக் கைய விடாமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப்போனேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் அங்கே நடந்ததைப் பிறகு அப்பாவே சொன்னார். பாம்பு தலையைத் தூக்கியிருக்கிறது. அப்பா ஓர் எட்டு பின்னால் வைத்திருக்கிறார். கையை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

காற்றில் அடுத்த தோணிக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "ஏலே பெனடிக்டூ" என்று அவர் கொடுத்த குரலில் அவ்வளவு நேரம் படுத்திருந்த சிங்கம் எழுந்து நின்றதாம். சுற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அப்பாவுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் துறைமுகச் சிங்களம்: இழு, பிடி, இறக்கு, மெல்ல. அதை வைத்துக்கொண்டே அவர் கேட்டிருக்கிறார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, கையை இடுப்பளவுக்குக் காட்டி, "பிடி, பிடி, இறக்கு" என்றிருக்கிறார். நல்ல மனம் படைத்த இரண்டு பேர் பக்கத்து மரத்தில் ஏறிப் பார்த்தார்களாம்.

நான் வந்தபோது பாம்புக் கூண்டுக்கு முன்னால் அப்பாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு கிழவர் கத்திக்கொண்டு கந்தோர்ப் பக்கம் ஓடினார் என்று ஒரு பெண் சொன்னாள். லில்லியை இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வேலிகள் எவ்வளவு தாழ்வு, குளங்கள் எவ்வளவு கிட்டம் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

கந்தோர்க் கதவு திறந்திருந்தது. மேசைக்குப் பின்னால் வயசான ஓர் உத்தியோகத்தர். அவருக்குத் தமிழ் பேச வந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் முதுகு ஏறி இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"பிள்ளையின்ட பெயர்?" என்றார் உத்தியோகத்தர்.

"பெனடிக்ட்."

"தகப்பன்ட பெயர்?"

அப்பா பேசவில்லை. நானும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. எட்டு வருஷமாக அந்தப் பெயரை அப்பா வாயில் நான் கேட்டதில்லை. "அவன்" என்பார். "அந்தாளு" என்பார். அதுவும் அம்மாவிடம் மட்டும்.

"ஐயா, தகப்பன்ட பெயர் சொன்னால்தானே அறிவிக்கலாம்?"

"விக்டர்" என்றார் அப்பா. "விக்டர் பர்னாந்து. ரயில்வேயில கார்டு."

"விலாசம்?"

"கொட்டாஞ்சேனை. மாதா கோவிலுக்குப் பின்னால மூணாவது சந்து. பச்சைக் கதவு. வாசல்ல ஒரு முருங்கை நிக்கும். போன மழையில அதுல ஒரு கொப்பு முறிஞ்சிட்டு. இன்னும் வெட்டாமக் கெடக்கு."

"நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"தாத்தா" என்றார். அந்த மனிதருக்கு நிச்சயமாக விளங்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தி, "சீயா, சீயா" என்றார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு காவலாளி பெனடிக்டின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் சட்டையெல்லாம் தண்ணீர். கையில் மீன் நாற்றம். கூழைக்கடாக்களுக்கு மீன் போடுகிற ஆளோடு குளத்தருகே நின்றிருக்கிறான். அவரிடம் நல்ல சிங்களத்தில், எங்கள் சீயா காணாமல் போய்விட்டார், அவருக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியாது, தயவுசெய்து தேடிக் கொடுங்கள் என்று சொன்னானாம். அவர்களும் அதுவரை ஒரு கிழவரைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் சட்டை ஈரம் அவர் சட்டையெல்லாம் ஏறியது. நான் அப்போதுதான் அழுதேன்.

ஸ்டேஷனுக்கு நடக்கையில் கேட்டேன்: "அப்பா, எங்க வீட்டு முருங்கை முறிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோவிலுக்குப் போற வழிலா அது."

"கொச்சிக்கடைக் கோவிலுக்குத் துறைமுகத்துல இருந்து எங்க சந்து வழியாப் போகவே வேண்டாமே."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "புள்ள சட்டை நனைஞ்சி கெடக்கு. இப்படியே வச்சிருந்தா சளி பிடிக்கும். வீடு எம்புட்டு தூரம்?" என்றார்.

"நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்களே?"

"அத நான் மாதா கிட்டப் பேசிக்கிடுதேன். நீ நட."

6

நாங்கள் வாசலுக்கு வந்தபோது விக்டர் குசினியில் இருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு வெளியே எட்டிப் பார்த்தவர், அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஒரு நாளுக்காக நான் அவருக்கு வருஷக்கணக்காக ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தேன். "வாங்க மாமா, உள்ள வாங்க, உக்காருங்க." தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார். இப்போது கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்ட, வாயைத் திறந்து, "வா மாமா" என்றார். அத்தோடு மிச்சமெல்லாம் மறந்துபோய்விட்டது.

அவர் சொல்லில் மரியாதை விட்டுப்போனது எனக்குத் திக்கென்றது. தண்டேலை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்பா படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்துட்டேம்லா" என்றார். செருப்பைக் கழற்றினார்.

கதிரையில் உட்கார மாட்டேன் என்று தரையிலேயே உட்கார்ந்தார். விக்டர் இலை போட்டுப் பரிமாறினார். முதல் கவளம் வாயில் வைத்ததும் அப்பா மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். நான் வந்ததிலிருந்து குசினிப் பக்கமே போகவில்லை. பிறகு விக்டரைப் பார்த்தார். இத்தனை நாள் மியூசியப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்ற மீன் யார் வைத்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நானும் யோசிச்சேன், இவளுக்கு எப்பிடி இந்தப் பக்குவம் வந்துன்னு" என்றார். "இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க அப்பா."

அவர் விக்டர் பக்கம் திரும்பி, இலையைக் காட்டி, தெரிந்த சிங்களத்தில், "மெல்ல இறக்கு" என்றார். மூட்டை இறக்குகிறவர்களிடம் சொல்வது அது. விக்டர் சிரிக்காமல், மெல்ல, ஒரு துண்டு மீனை இலையில் இறக்கி வைத்தார்.

பாஸ் விஷயம் அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. வெளியே வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. விக்டர் ரயில்வே உடுப்பை மாட்டிக்கொண்டு, தொப்பியையும் வைத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பினார். துறைமுகக் கேட்டில் இருந்தவர்களிடம் அவர் என்ன பேசினாரோ தெரியாது. பிள்ளை காணாமல் போனது, பாம்பு, கூழைக்கடா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கேட்டில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே திறந்து விட்டார்களாம். அடுத்த தரம் அப்பா வந்தபோது ஒருவர், "சீயா, இன்றைக்கு யார் காணாமல் போனது?" என்று கேட்டிருக்கிறார்.

7

வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு ஒரு நஷ்டமும் ஏற்பட்டது. அப்பா வந்தால் நேரே உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு, துண்டை விரித்துப் படுத்துவிடுவார். லில்லியும் பெனடிக்டும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "சீயா முன்னால் நல்லவராக இருந்தார்" என்று பெனடிக்ட் என்னிடம் முறையிட்டான்.

அதனால் அடுத்த வருஷம் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, தோணியில் அல்லாமல், டிக்கெட் எடுத்துக் கப்பலில் பயணியாக வந்தபோது, எல்லோருமாக எங்காவது போக வேண்டும் என்று நானே ஏற்பாடு செய்தேன். கப்பலை ஓட்டியவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பதை அப்பா இரண்டு நாள் சொல்லி முடித்த பிறகு, விக்டருக்குக் கிடைத்த ரயில்வே பாஸில் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் புறப்பட்டோம்.

அம்மாவும் நானும் பிள்ளைகளும் பின்னால் நடந்தோம். முன்னால் அப்பாவும் விக்டரும். அம்மா ஆர்க்கிட் பூக்களைப் பார்த்து வாயடைத்துப்போய் வந்தாள். அப்பா ஒவ்வொரு மரத்துக்கு முன்னாலும் நின்றார். கடலிலேயே வாழ்ந்த மனிதர். பனை, தென்னை, முருங்கை, உடைமரம் தவிர அவருக்கு வேறு மரம் தெரியாது. ஆனால் ஒரு மரத்தைக் கூட அவர் சும்மா விடவில்லை. "இது ஒரு சாதிப் பனை." "இது பூக்காது, கெழவியாயிட்டு." "இந்த மரத்துலதான் பாய்மரம் செய்வாவ. இதுல செஞ்சா ஒடையாது." விக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும், "ஓ மாமா, ஓ மாமா" என்று ஆமோதித்தார். மரத்தில் மாட்டியிருந்த தகட்டில் வேறு என்னவோ எழுதியிருந்தது. லில்லி அதைப் படிக்க வாயெடுத்தாள். விக்டர் அவள் தோளில் மெதுவாகக் கை வைத்தார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

திரும்புகிற ரயிலில் விக்டர், தன்னோடு வேலை செய்கிற கார்டைப் பார்த்துப் பேச அடுத்த பெட்டிக்குப் போயிருந்தார். அப்பா காலை நீட்டிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "நல்ல வெவரமுள்ள பையன். காலையில இருந்து பேசுதேன். நான் சொன்னதுல ஒண்ணக் கூட மறுத்துப் பேசலியே."

"அந்தப் புள்ளைக்கு நீரு பேசுனது பாதி கூட வெளங்கியிருக்காது" என்றாள் அம்மா.

அப்பா நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெளங்காமலே இம்புட்டு மரியாதையாக் கேக்கான்" என்றார். "வெளங்கிட்டா எப்பிடி இருப்பான்னு நெனைச்சிப் பாரு."